எச்டி டிவிடி தோற்றது எதனால்? தரமா, பிஎஸ்3-ஆ, ஸ்டூடியோ பேரமா?

செல்வா77:

பக்கத்துத் திரியில் ஒரு நண்பர், "தரமான ஃபார்மட்தான் ஜெயிக்கும், அதுக்கு ப்ளூ-ரேவே சாட்சி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை அப்படியே விட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தத் தனித் திரி.

அந்தக் காலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டிவிடிக்கு அடுத்தபடியாக எச்டி படம் பார்க்க 2006-ல் இரண்டு வகை டிஸ்க் கடைக்கு வந்தன. தோஷிபாவும் என்இசியும் கொண்டுவந்தது எச்டி டிவிடி. சோனி, பானாசோனிக், பிலிப்ஸ், பயனியர் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது ப்ளூ-ரே. ஒன்றுக்கான பிளேயரில் இன்னொன்று ஓடாது. ரெண்டு வருஷம் கூட ஆகவில்லை, 2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா கடையைக் கட்டியது.

காசு கொடுத்து வாங்குகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அன்றைக்கு எச்டி டிவிடிதான் மேல். தோஷிபாவின் எச்டி-ஏ1 அமெரிக்காவில் ஏப்ரல் 2006-ல் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். விலை பாதி என்பதால் வசதியும் பாதி என்று நினைக்காதீர்கள். எச்டி டிவிடி பிளேயர் என்று பெயர் போட்டாலே இணையக் கம்பி செருகும் ஈதர்நெட் சாக்கெட் இருந்தாக வேண்டும், ஓடுகிற படத்தின் மூலையில் இன்னொரு வீடியோவைக் காட்ட இரண்டாவது டீகோடர் இருந்தாக வேண்டும். விதியே அப்படி. ப்ளூ-ரேக்காரர்கள் இதே வசதிகளைப் புரொஃபைல் 1.0, 1.1, 2.0 என்று தவணை முறையில் கொடுத்தார்கள். முதலில் ஆயிரம் டாலர் கொட்டி வாங்கியவனுக்கு, பின்னால் வந்த டிஸ்க்கில் பாதி அம்சங்கள் வேலை செய்யாது. இது நியாயமா?

எச்டி டிவிடிக்கு ரீஜன் கோடும் (ஒரு பகுதியில் வாங்கிய டிஸ்க்கை இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடவிடாத பூட்டு) கிடையாது. அமெரிக்காவில் வாங்கின டிஸ்க் சென்னையில் ஓடும், கொழும்பில் ஓடும். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டியது.

இவ்வளவும் கையில் இருந்தும் தோற்றது என்றால், காரணம் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள். தரம் ஜெயித்தது என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

---

நீலக்கதிர்:

செல்வா, விலையும் ரீஜன் கோடும் சரி. தரம் பற்றிச் சொன்னதுதான் சரியில்லை. டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது.

இரண்டிலும் லேசர் ஒன்றுதான், 405 நானோமீட்டர் நீல-ஊதா. வித்தியாசம் லென்ஸிலும், லேசர் கடக்க வேண்டிய பிளாஸ்டிக்கின் தடிமனிலும். ஒரு டிவிடியின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரியும். தலா 0.6 மில்லிமீட்டர் உள்ள இரண்டு தகடுகளை ஒட்டிய இடம் அது. டேட்டா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எச்டி டிவிடியும் இதே அமைப்புதான். ப்ளூ-ரேவில் 1.1 மி.மீ. தகட்டின் மேல் டேட்டா, அதற்கு மேல் வெறும் 0.1 மி.மீ. உறை. அவ்வளவு மெல்லிசாக இருப்பதால்தான் 0.85 நியூமரிக்கல் அபெர்ச்சர் (இந்த எண் கூடினால் லேசர் புள்ளி சின்னதாகும்) உள்ள லென்ஸ் வைக்க முடிந்தது. எச்டி டிவிடி லென்ஸ் 0.65. உறை தடிமனாக இருக்கும்போது லென்ஸை அதற்கு மேல் கூட்டினால், டிஸ்க் துளி சாய்ந்தாலும் லேசர் புள்ளி கலைந்துவிடும்.

புள்ளி சின்னதானால் தடங்களை நெருக்கிப் போடலாம். ப்ளூ-ரேவில் இரண்டு தடங்களுக்கு இடையே 0.32 மைக்ரான், எச்டி டிவிடியில் 0.40. இதன் பலன்: ஒரு லேயரில் (டேட்டா அடுக்கில்) ப்ளூ-ரேவின் 25 ஜிபிக்கு எச்டி டிவிடியில் 15 ஜிபி, இரண்டு லேயரில் 50-க்கு 30. வீடியோவுக்கு மட்டும் ப்ளூ-ரேவில் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம், எச்டி டிவிடியில் 29.4.

மூன்று மணி நேரப் படம், சுருக்கிக் கெடுக்காத சவுண்ட் டிராக், இரண்டு மூன்று மொழி, கூடவே மேக்கிங் வீடியோ எல்லாவற்றையும் 30 ஜிபிக்குள் அடைக்கிற ஆளின் தலைவலியை யோசியுங்கள். எதையாவது வெட்ட வேண்டியிருக்கும். நான் ஸ்டூடியோவில் இருந்திருந்தால் 50 பக்கம்தான் போயிருப்பேன்.

---

செல்வா77:

நீலக்கதிர், கணக்கு சரி. ஆனால் வீட்டு டிவியில் தெரிந்தது வேறு.

ஆரம்ப ப்ளூ-ரே டிஸ்க்குகள் எப்படி வந்தன? 25 ஜிபி ஒற்றை லேயர், அதில் டிவிடி காலத்து எம்பெக்-2 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை). 50 ஜிபி டிஸ்க்கைத் தயாரிக்கவே அப்போது தடுமாறினார்கள். எச்டி டிவிடிக்காரர்கள் முதல் நாளிலிருந்தே 30 ஜிபி டிஸ்க்கில் விசி-1 கோடெக் போட்டார்கள். 2006 கோடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிய விமர்சகர்கள் எதைப் பாராட்டினார்கள் என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். அந்த முதல் சாம்சங் பிளேயரில் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) தப்பாக செட் ஆகி, படமே மழுங்கலாக வந்தது வேறு.

பிறகு வார்னர் ஒரே என்கோடை (சுருக்கிய வீடியோவை) இரண்டு ஃபார்மட்டிலும் போட்டது. அந்தப் படங்களில் எது எச்டி டிவிடி, எது ப்ளூ-ரே என்று கண்ணால் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. 30 ஜிபி போதவில்லை என்றால் அந்தப் படங்கள் எப்படி வந்தன?

அந்த 0.1 மி.மீ. உறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2003-ல் ஜப்பானில் சோனி விட்ட முதல் ப்ளூ-ரே ரெக்கார்டரில் டிஸ்க் வெறுமனே வராது, ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் வரும். காரணம் கீறல் பயம். டேட்டா அவ்வளவு மேலே இருந்தால் விரல் ரேகையே தொல்லை. டிடிகே நிறுவனம் ஒரு கடினப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் கூட்டைக் கழற்ற முடிந்தது. எச்டி டிவிடிக்கு இந்தக் கவலையே இல்லை. பழைய டிவிடி தயாரிப்பு லைனைக் கொஞ்சம் மாற்றியே அச்சடிக்கலாம். செலவு குறைவு.

---

நீலக்கதிர்:

பூச்சு வந்த பிறகு நிலைமை தலைகீழ். டிவிடியை விட ப்ளூ-ரே மேற்பரப்பு கீறலை நன்றாகத் தாங்கும், வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சிக்கல் இருந்தது, ஆராய்ந்தார்கள், தீர்த்தார்கள். அதை எதற்குக் குறையாக எண்ணுகிறீர்கள்?

கோடெக் விஷயமும் அப்படியே. எம்பெக்-2, விசி-1, எச்.264 மூன்றும் இரண்டு ஃபார்மட்டிலும் கட்டாயம். சோனி முதலில் எம்பெக்-2 போட்டது மோசமான முடிவு, ஆனால் அது மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு. மாற்றினார்கள். 0.6 மி.மீ. தகட்டை அப்படி மாற்ற முடியாது. தோஷிபா 2007-ல் மூன்று லேயர் வைத்து 51 ஜிபி என்று கணக்குக் காட்டியது. அந்த டிஸ்க்கில் ஒரு படமும் விற்பனைக்கு வரவில்லை.

---

மேப்பிள்நிலா:

செல்வா அண்ணை, நீலக்கதிர் அண்ணை, ரெண்டு பேரும் டிஸ்க்கைப் பற்றித்தான் கதைக்கிறியள். வாங்க வந்த சனத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. நான் அப்ப டொராண்டோவில ஒரு எலக்ட்ரோனிக்ஸ் கடையில பகுதிநேரமா வேலை செய்தனான். அதால சொல்லுறன்.

ஒரு பக்கத் தட்டில எச்டி டிவிடியின்ர சிவப்புப் பெட்டியள், மற்றப் பக்கம் ப்ளூ-ரேயின்ர நீலப் பெட்டியள். வாற ஆக்கள் முதலில கேக்கிறது கோடெக்கும் இல்லை, ஜிபியும் இல்லை. "நான் பாக்க விரும்புற படம் எந்தப் பெட்டியில இருக்கு?" எண்டுதான். யுனிவர்சல் படம் எண்டால் சிவப்பு. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி எண்டால் நீலம். வார்னர் ரெண்டிலயும். ஒரு குடும்பம் வந்தால் தகப்பனுக்கு ஒரு படம் சிவப்பில, பிள்ளையளுக்கு டிஸ்னி நீலத்தில. நான் என்னத்தைச் சொல்லுறது? பாதிப் பேர் டிவிடியையே வாங்கிக்கொண்டு போயிடுவினம். அந்த ரெண்டு வருசமும் உண்மையா விற்றது டிவிடிதான்.

சோனியின்ர கேம் கன்சோலான பிஎஸ்3 வாங்க வந்த பொடியள் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்ல. அவை கேம் விளையாட வந்தவை. வீட்ட கொண்டுபோன பிறகுதான் அதுக்குள்ள ப்ளூ-ரேயும் இருக்கெண்டு கண்டுகொண்டு, அடுத்த கிழமை ஒரு நீலப் பெட்டி வாங்க வருவினம். ஒருத்தரும் ஃபார்மட்டைத் தெரிவு செய்யேல்ல. அது தானா வீட்டுக்குள்ள வந்திட்டுது.

---

நீலக்கதிர்:

நிலா சொல்வது முக்கியமான விஷயம். 2006 நவம்பரில் பிஎஸ்3 அமெரிக்காவில் 499, 599 டாலருக்கு வந்தது. அப்போது கடையில் இருந்த எந்தத் தனி ப்ளூ-ரே பிளேயரை விடவும் விலை குறைவு. ஒவ்வொரு பெட்டியிலும் சோனிக்கு நஷ்டம். நீல லேசர் டயோடு போதாமல் ஐரோப்பிய வெளியீட்டை 2007 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அந்த டயோடுக்காக அவ்வளவு அடி வாங்கியும் அதை எடுத்துவிடவில்லை.

மைக்ரோசாஃப்ட் எச்டி டிவிடி பக்கம் இருந்தது. ஆனால் தன் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் டிரைவை வைக்கவில்லை. 199 டாலருக்குத் தனியாக ஒரு டிரைவை விற்றது. தனியாக விற்கிற பொருளை, ஏற்கெனவே அதில் ஆர்வம் உள்ளவன் மட்டும்தான் வாங்குவான். 2007 முடியும்போது உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரு கோடி பிஎஸ்3 வீடுகளில் இருந்தன. எச்டி டிவிடி தரப்பில் எக்ஸ்பாக்ஸ் டிரைவையும் சேர்த்தே பத்து லட்சம் சுமார்.

செல்வாவின் புரொஃபைல் புகாருக்கும் இங்கேதான் பதில். பிஎஸ்3 வைத்திருந்தவர்களுக்கு 1.1, 2.0 எல்லாமே சாஃப்ட்வேர் அப்டேட்டில் வந்துவிட்டன. ப்ளூ-ரே வைத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான்.

---

செல்வா77:

அப்போ தரம் ஜெயிக்கவில்லை, கேம் கன்சோல் ஜெயித்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அத்தனை கன்சோல் இருந்தும் 2007 முழுக்க டிஸ்க் விற்பனையில் ப்ளூ-ரேவின் முன்னிலை அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றுதான். பத்துக்கு ஒன்று இருந்திருக்க வேண்டாமா? பிஎஸ்3 வைத்திருந்தவர்களில் நிறையப் பேர் படமே வாங்கவில்லை. எச்டி டிவிடி வாங்கியவர்கள் படம் பார்ப்பதற்காகவே வாங்கியவர்கள், ஆளுக்கு நிறைய டிஸ்க் எடுத்தார்கள். 2007 நவம்பர் 2 அன்று வால்மார்ட்டில் எச்டி-ஏ2 பிளேயரை 98.87 டாலருக்குப் போட்டபோது கடை கடையாகத் தீர்ந்து போனது. சாதாரண மனிதன் கைக்கு எச்டி வந்த நாள் அது. ப்ளூ-ரே அந்த விலைக்கு வர எத்தனை வருஷம் காத்திருந்தோம்!

---

திரைக்கூத்தன்:

நான் டிவிடிக்கு முந்தைய லேசர்டிஸ்க் காலத்திலிருந்தே டிஸ்க் சேர்க்கிறவன். தம்பிகளா, சண்டை 2006-ல் தொடங்கவில்லை. 1995-ஐப் பார்க்காமல் இது புரியாது.

டிவிடிக்கு முன்பும் இரண்டு கட்சி. சோனியும் பிலிப்ஸும் எம்எம்சிடி என்று ஒன்று வைத்திருந்தார்கள். தோஷிபாவும் டைம் வார்னரும் எஸ்டி என்று இன்னொன்று. பானாசோனிக்கின் தாய் நிறுவனமான மட்சுஷிடா அப்போது தோஷிபா பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இரண்டையும் ஆதரிக்க மறுத்தன. ஐபிஎம்மின் தலைவர் லூ கெர்ஸ்ட்னர் நடுவில் நின்று சமாதானம் பேசினார். பெரும்பகுதி எஸ்டி அமைப்பே நின்றது, நீலக்கதிர் சொன்ன அந்த 0.6 மி.மீ. ஒட்டுத் தகடு உட்பட. சோனி-பிலிப்ஸ் தரப்பிலிருந்து டேட்டாவைக் குறியாக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் நம் வீட்டு டிவிடி.

அதன் பிறகு உலகத்தில் ஒவ்வொரு டிவிடியும் பிளேயரும் விற்கும்போது காப்புரிமைக் காசு யாருக்குப் போனது? தோஷிபாவுக்கும் வார்னருக்கும் அதில் நல்ல பங்கு. டிவிடியை ஒட்டியே அடுத்த ஃபார்மட் வந்தால் அந்த வருமானம் தொடரும். சோனியும் பிலிப்ஸும் அடியோடு புது டிஸ்க் வேண்டும் என்று நின்றதற்கும் காரணம் அதுவே. 0.1-ஆ 0.6-ஆ என்ற பொறியியல் வழக்குக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. 2005-ல் இரு தரப்பும் ஒரே ஃபார்மட்டுக்காக உட்கார்ந்து பேசினார்கள். இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விவகாரத்தில் யாரும் இறங்கிவரவில்லை. 1995-ல் கெர்ஸ்ட்னர் மாதிரி கழுத்தில் கை வைக்க இந்த முறை ஆள் இல்லை.

அதனால்தான் 2008 ஜனவரி 4 என்னால் மறக்க முடியாத தேதி. லாஸ் வேகாஸ் சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வார்னர், மே மாதத்துக்குப் பிறகு ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. எஸ்டி காலத்திலிருந்து தோஷிபாவோடு ஒன்றாக நின்ற வார்னர்! எச்டி டிவிடி குழு கண்காட்சியில் வைத்திருந்த தன் பத்திரிகையாளர் சந்திப்பையே ரத்து செய்தது. பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. பிப்ரவரி 11 அன்று டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பை கடைகளும், 15 அன்று வால்மார்ட்டும் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தன; 19 அன்று தோஷிபாவே கைவிட்டது.

---

செல்வா77:

ஐயா, நீங்கள் சொன்னதே என் கட்சிக்கு வலு. ஒரு ஸ்டூடியோ ஒரு அறிக்கை விட்டது, ஆறரை வாரத்தில் ஒரு ஃபார்மட் செத்தது. வாங்கியவர்களை யாரும் கேட்கவில்லை.

---

நீலக்கதிர்:

ஸ்டூடியோ பேரம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், செல்வா. அதில் பெரிய பேரம் உங்கள் பக்கம்தான் நடந்தது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ப்ளூ-ரேவை விட்டு எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. இரண்டுக்கும் சேர்த்து 150 மில்லியன் டாலர் மதிப்புள்ள சலுகை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்கு முந்தின நாள் வரை இரண்டு பெட்டியிலும் கிடைத்த பாரமவுண்ட் படங்கள் நீலப் பெட்டியிலிருந்து காணாமல் போயின. நிலா கடையில் குழம்பி நின்ற குடும்பத்துக்கு இது செய்த உதவி என்ன? 2007-லேயே முடிந்திருக்கக்கூடிய போரை அந்தப் பணம் இன்னொரு கிறிஸ்துமஸ் வரை இழுத்தது.

---

மேப்பிள்நிலா:

ஓம், அந்த ஆகஸ்ட் எனக்கு நல்லா ஞாபகம். பாரமவுண்ட் படம் நீலத்தில வாங்கின ஒரு ஐயா, அடுத்த பாகம் நீலத்தில வராது எண்டு கேள்விப்பட்டு, அவருக்கு வந்த கோவம்! பிழை எங்கட கடையில எண்டே நினைச்சுக்கொண்டார்.

சொல்ல வேண்டிய இன்னொரு விசயம், கடைசியில நட்டப்பட்டது யார் எண்டு. நத்தாருக்குச் சிவப்புப் பிளேயர் வாங்கினவைக்கு ரெண்டு மாசம் கூட நிலைக்கேல்ல. அமெரிக்காவில பெஸ்ட் பை, எச்டி டிவிடி பிளேயர் வாங்கின ஆக்களுக்கு 50 டொலர் கிஃப்ட் கார்ட் குடுத்தது. அது நல்ல காரியம். எல்லாக் கடையும் அப்பிடிச் செய்யேல்ல. நான் நிண்ட கடையில, திருப்பிக் குடுக்கிற நாள் முடிஞ்சுது எண்டு சொல்லி அனுப்ப வேண்டி வந்தது. அதைச் சொன்னது நான்தான், எனக்கு இப்பவும் மனசு கஷ்டம். 98 டொலருக்கு எச்டி எண்டு செல்வா அண்ணை பெருமையாச் சொல்லுறியள். அந்த விலையில வாங்கினவை, ஆயிரம் டொலர் குடுக்க வழியில்லாதவை. ஏமாந்ததும் அவைதான்.

---

திரைக்கூத்தன்:

நிலா அம்மா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. ரீஜன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, நம் ஊர் சேகரிப்பாளர்களுக்கு அது பெரிய விஷயம். இந்தியாவும் இலங்கையும் ரீஜன் சி. சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவோடு சேர்ந்து ரீஜன் ஏ. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகன் வாங்கி அனுப்பும் டிஸ்க் என் பிளேயரில் ஓடுமா என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும். வார்னர், பாரமவுண்ட், யுனிவர்சல் பெரும்பாலும் பூட்டு போடாமல் விட்டார்கள். மற்றவர்கள் பூட்டினார்கள். 2016-ல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேவில் ரீஜன் கோடே கிடையாது. பத்து வருஷம் கழித்து எச்டி டிவிடியின் நியாயம் ப்ளூ-ரேவிலேயே வந்து உட்கார்ந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

நீலக்கதிர்:

அதே 4கே டிஸ்க் 66 ஜிபி, 100 ஜிபி என்று வருகிறது. அந்த 0.1 மி.மீ. உறை இருந்ததால்தான் லேயரை அடுக்க முடிந்தது. 2006-ல் எச்டி டிவிடி ஜெயித்திருந்தால் 4கே-க்கு மறுபடி புது டிஸ்க், மறுபடி ஒரு சண்டை.

---

செல்வா77:

அந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை, நீலக்கதிர். டிஸ்க்காக ப்ளூ-ரே நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது. டிஸ்க்கைச் சுற்றி எழுதின விதிகள்தான் எச்டி டிவிடியில் வாங்குகிறவனுக்கு நியாயமாக இருந்தன. இரண்டும் வேறு வேறு விஷயம். "தரம் ஜெயித்தது" என்பவர்கள் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் என் கோபம் சோனி மேலே கூட இல்லை, 2005-ல் பேச உட்கார்ந்த தோஷிபா மேலே. 0.6 மி.மீ.-ஐ விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ரீஜன் கோடு கூடாது, எல்லா பிளேயரிலும் ஈதர்நெட், முதல் நாளே முழு வசதி என்று நிபந்தனை போட்டிருக்கலாம். அப்போது அவர்கள் கையில் வார்னர், யுனிவர்சல், பாரமவுண்ட் மூன்றும் இருந்தன, சோனியால் தட்டிக்கழித்திருக்க முடியாது. அவர்கள் காப்புரிமைக் காசுக்காகத் தகட்டின் தடிமனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2009-ல் அதே தோஷிபா ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்து ப்ளூ-ரே பிளேயர் விற்றபோது, கேட்டு வாங்க அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.